வெனிஸும் அப்பாவும் ஒரு நேரலைக் கேமராவும்

2020 மார்ச் மூன்றாவது வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஊரடங்கில் வெறிச்சோடிப் போன வெனிஸ் நகரக் கால்வாயில் டால்பின்கள் நீந்துகின்றன என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கப்பிள்ளையாக 35 வருடம் இருந்தவர். வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “இது கால்வாய் இல்லட்டி, துறைமுகம். கப்பல் கட்டுத சுவர் மாதிரில்லா இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த வீடியோ சார்டீனியா தீவின் துறைமுகம் ஒன்றில் எடுத்தது என்று இரண்டொரு நாளில் செய்தி வந்தது. ஆனால் அதற்குள் நான் வெனிஸை நேரில் காட்டும் கேமரா ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கியிருந்தேன். ரியால்டோ பாலத்தைப் பார்த்து வைத்த ஒரு நேரலைக் கேமரா கிடைத்தது. மடிக்கணினியை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். பாலத்தில் ஒருவரும் இல்லை. கிராண்ட் கால்வாய் அசைவில்லாமல், கட்டடங்களைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பா, “சேற்றைக் கலக்கப் படகு இல்ல, அதான் தெளிஞ்சிருக்கு” என்றார். நகர நிர்வாகமும் இதே காரணத்தைத்தான் சொல்லியிருந்தது: படகு ஓடாததால் அடியில் இருக்கும் வண்டல் மேலே கிளம்பவில்லை.

அன்று தொடங்கியது. ஐந்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அந்த ஜன்னல் திறந்தே இருக்கிறது. இதில் நாங்கள் செய்த தப்புகளையும் கற்றுக்கொண்டதையும் சொன்னால், வெளியே போக முடியாத ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் என்றாவது இத்தாலி போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தப்பு, ஆசை. வெனிஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், சியெனா, நேப்பிள்ஸ் என்று ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு கேமராக்களைத் திறந்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம். மூன்றாம் நாள் எல்லாம் ஒரே அஞ்சலட்டை போல ஆகிவிட்டது. அப்பாதான் நிறுத்தினார். “ஒரு இடத்துல நில்லு. துறைமுகத்துக்குப் போனா ஒரு தோணி பக்கத்துல நின்னாத்தான் என்ன நடக்குன்னு தெரியும்” என்றார். அதன் பிறகு வெனிஸில் மட்டும் மூன்று கேமராக்கள்: ரியால்டோ, சான் மார்கோ சதுக்கம், சதுக்கத்துக்கு முன்னால் விரியும் நீர்ப்பரப்பு. மற்றதை எல்லாம் மூடிவிட்டேன்.

இரண்டாவது, நேரலை என்று எழுதியிருப்பதெல்லாம் நேரலை இல்லை. ஒரு தளத்தில் மூன்று நாள் தொடர்ந்து பார்த்தபோது, ஒரே சிவப்பு ஜாக்கெட்காரர் ஒரே படியில் ஒரே மாதிரி இறங்கினார். பதிவு செய்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. திரையின் ஓரத்தில் ஓடும் தேதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். அப்புறம் அங்கே மழையா வெயிலா என்று வானிலைத் தளத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். சான் மார்கோ என்றால் இன்னும் சுலபம். அங்குள்ள மணிக்கூண்டு 98.6 மீட்டர் உயரம். காலையில் அதன் நிழல் சதுக்கத்தின் மேல் மேற்கே நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி வடக்கே திரும்பும். கொஞ்ச நாள் பழகினால் நிழலை வைத்தே மணி சொல்லலாம். (பார்ப்பதற்கு மிகப் பழசாகத் தெரியும் அந்தக் கூண்டு 1902 ஜூலை 14ஆம் தேதி அப்படியே சரிந்து விழுந்து, முன்பு இருந்தது போலவே, இருந்த இடத்திலேயே கட்டப்பட்டு 1912இல் திறக்கப்பட்டது.)

நேரக் கணக்கு மூன்றாவது சிக்கல். குளிர்காலத்தில் இத்தாலி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம்தான். டிசம்பரில் அங்கே பொழுது விடிய நமக்குப் பகல் பன்னிரண்டைத் தாண்டிவிடும். ஜூனிலோ காலை ஒன்பதுக்கு முன்பே விடிந்துவிடும், இருட்டுவதற்கு நமக்கு நள்ளிரவு ஆகிவிடும். இது தெரியாமல் முதல் வாரத்தில் காலையில் எழுந்ததும் கேமராவைத் திறந்து, வெறும் இருட்டையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, எதைப் பார்ப்பது? இங்கேதான் அப்பா எனக்குக் குருவானார்.

வெனிஸில் காரும் லாரியும் கிடையாது. ரொட்டி, சிமெண்ட், விடுதிகளின் அழுக்குத் துணி, பழைய பீரோ, குப்பை எல்லாமே படகில்தான் போகிறது. ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்புப் படகு, கூரியர் படகு என்று தனித்தனியாக உண்டு. இறந்தவர்களையும் படகில்தான் சான் மிக்கேலே என்ற இடுகாட்டுத் தீவுக்குக் கொண்டு போகிறார்கள். இதைப் பார்க்கச் சரியான நேரம் அங்கே காலை ஆறிலிருந்து எட்டரை வரை. கட்டுப்பாடுகள் தளர்ந்து படகுகள் திரும்பியதும் அப்பா அந்த இரண்டரை மணி நேரத்தை விடவே மாட்டார். எந்தப் படகில் பாரம் சரியாக அடுக்கவில்லை, எவன் பாலத்துக்கு அடியில் வேகம் குறைக்காமல் வருகிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கொண்டோலா என்ற துடுப்புப் படகில் பயணிகளைச் சுற்றிக் காட்டும் கொண்டோலாக்காரர்கள் ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அவர்கள் வரும்போது அப்பாவுக்கு இட்லி ஆறியிருக்கும், சில நாள் சோறும் ஆறியிருக்கும்.

கொண்டோலா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளில்லாமல் கட்டிக் கிடந்த ஒன்றைப் பார்த்து, “இந்தப் படகு ஒருபக்கமா சாய்ஞ்சி நிக்கு, ஏதோ கோளாறு” என்றார் அப்பா. கேமரா கோணத்தின் தோற்றம் என்று நான் வாதம் செய்தேன். பிறகு தேடிப் படித்தால், கொண்டோலாவைக் கட்டும்போதே இடது பக்கத்தை வலது பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். ஓட்டுபவர் பின்னால் இடதுபுறமாக நின்று, வலது பக்கம் மட்டும் ஒற்றைத் துடுப்புப் போடுவார். அந்த ஆளின் எடைக்கும் ஒருபக்கத் தள்ளலுக்கும் ஈடுகட்டத்தான் இந்தக் கோணல். 11 மீட்டர் நீளப் படகில் இருந்த அந்தக் கோணலைத் தூத்துக்குடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்டுபிடித்த மனிதரை நான் அன்று புதிதாகப் பார்த்தேன்.

கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கிராண்ட் கால்வாய் தலைகீழான எஸ் எழுத்து போல வளைந்து ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் ஓடுகிறது. அதைக் கடக்க நான்கே பாலங்கள். வரைபடத்தை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். திரையில் தெரியும் கட்டடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பென்சிலால் குறித்தோம். கூகுள் மேப்ஸின் தெருக்காட்சி இதற்கு மிகவும் உதவியது. ரியால்டோவை ஒட்டி நிற்கும் பெரிய சதுரக் கட்டடம், ஜெர்மானிய வணிகர்கள் தங்கிச் சரக்கு வைத்த பண்டகசாலை. தீப்பிடித்த பின்பு 1508 வாக்கில் திரும்பக் கட்டியது. மலபார் மிளகு அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் வந்து, இங்கே கைமாறித்தான் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்புறம் போயிருக்கிறது. இப்படிக் குறித்துக்கொண்டே போனதில் ஒரே மாதத்தில் எந்தப் படகு எந்த வளைவிலிருந்து வருகிறது, எங்கே போய் மறைகிறது என்று புரிந்துவிட்டது. இந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்: வரைபடம் இல்லாமல் நேரலைக் கேமரா பார்க்காதீர்கள்.

வெனிஸ் என்றால் ஓதம். கடல் ஏறி வற்றுவதைக் கண்ணால் பார்க்க அப்பா காட்டிய இடம், நீர்ப்பேருந்து நிற்கும் மேடை. அது மிதக்கும் மேடை. கரைக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைப்பாலம் இருக்கும். தண்ணீர் ஏறினால் பலகை மட்டமாகிவிடும். வற்றினால் மேடையை நோக்கிக் கீழே சரியும். கட்டடங்களின் வாசற்படியில் பாசி பிடித்த பச்சைக் கோடு எவ்வளவு தெரிகிறது என்பது இரண்டாவது அளவுகோல். அப்பா இரண்டையும் பார்த்து ஒரு நோட்டில் மதிப்பு எழுதுவார். நான் வெனிஸ் நகராட்சியின் ஓத மையம் வெளியிடும் அளவைப் பக்கத்தில் எழுதுவேன். ஆறு மாதத்தில் அவர் கணிப்பு பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது.

அந்த அளவைப் படிக்கும்போது பலரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு, நானும் குழம்பினேன். ‘140 செ.மீ. வெள்ளம்’ என்றால் தெருவில் 140 செ.மீ. தண்ணீர் என்று பொருள் இல்லை. 1897ஆம் ஆண்டு வாக்கில் குறித்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். சான் மார்கோ சதுக்கம் நகரின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று. 80ஐத் தாண்டும்போதே அங்கே தரையில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் பொங்கி வரத் தொடங்கும். கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே சதுக்கத்தின் நடுவில் குளம் கட்டுவதைக் கேமராவில் பார்க்கலாம். 1966 நவம்பர் 4ஆம் தேதி 194 செ.மீ.; 2019 நவம்பர் 12ஆம் தேதி 187 செ.மீ. இந்த இரண்டும்தான் பதிவானதிலேயே மிக அதிகம். சிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்று ஏட்ரியாட்டிக் கடலின் முழு நீளத்துக்கும் வீசித் தண்ணீரை வடக்கு முனைக்குத் தள்ளும். அதுவும் அமாவாசை, பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொண்டால் வெனிஸ் மூழ்கும். அப்பா அந்தக் காற்றைச் சோழகம் என்றே சொல்வார். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றான போராவை வாடை என்பார். அவருக்கு இத்தாலியப் பெயர்கள் தேவைப்படவே இல்லை.

2020 அக்டோபர் 3, சனிக்கிழமை. மோசே என்ற தடுப்புக் கதவுகளை உண்மையான வெள்ளத்துக்கு எதிராக முதன்முதலாகத் தூக்கிய நாள். லகூனை, அதாவது வெனிஸைச் சுற்றியுள்ள உப்பங்கழியை, கடலோடு இணைக்கும் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 இரும்புக் கதவுகள் அடித்தரையில் படுத்துக் கிடக்கின்றன. உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும். காற்றை அழுத்தி அந்தத் தண்ணீரை வெளியேற்றினால் கதவுகள் மிதந்து எழுந்து கடலை மறிக்கும். அன்று மதியம் வெளியே 130 செ.மீ.யை ஒட்டி ஏறியது; உள்ளே 70 அளவிலேயே நின்றது. நாங்கள் சதுக்கத்தின் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. தரை காய்ந்து கிடந்தது, ஆட்கள் சும்மா நடந்தார்கள். ஒன்றும் நடக்காததைப் பார்த்துக் கை தட்டியது அன்று ஒரு நாள்தான்.

இரண்டே மாதத்தில், டிசம்பர் 8ஆம் தேதி, அதே கேமராவில் சதுக்கம் முழுக்கத் தண்ணீர். அப்போது 130க்கு மேல் போகும் என்று முன்கணிப்பு வந்தால்தான் கதவுகளைத் தூக்குவது என்று வைத்திருந்தார்கள். முன்கணிப்பு அதைவிடக் குறைவாக வந்தது, கதவுகளைத் தூக்கவில்லை, ஓதம் 138 வரை ஏறியது. எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா சாப்பிடவில்லை. “காத்து மாறுனத யாரும் பாக்கலையா” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னாளில் அந்த வரம்பைக் குறைத்தார்கள். 2022 நவம்பர் 22ஆம் தேதி வெளியே 170ஐத் தாண்டியபோது கதவுகள் தாங்கின. எதிர்ப்பக்கமும் உண்டு: 2023 பிப்ரவரியில் தண்ணீர் மிகவும் வற்றி, சிறு கால்வாய்கள் வெறும் சேறாகிக் கொண்டோலாக்கள் தரைதட்டிக் கிடந்தன. அந்த வாரம் பலகை செங்குத்தாக இறங்கியிருந்தது.

விழா நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை மூன்றாவது ஞாயிறு ரெதெந்தோரே திருவிழா. 1575 முதல் 1577 வரை நகரை அழித்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றி. முந்தின இரவு வாணவேடிக்கை அங்கே பதினொன்றரைக்கு, நமக்கு விடியற்காலை மூன்று மணி. செப்டம்பர் முதல் ஞாயிறு பழைய காலப் படகுகளின் அணிவகுப்பும் போட்டியும் கிராண்ட் கால்வாயில் நடக்கும். எனக்குப் பிடித்தது நவம்பர் 21, சாலூதே மாதா திருநாள். 1630இல் வந்த கொள்ளைநோயில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் போய்விட்டார்கள். அப்போது செய்த நேர்த்திக்கடனாக எழுந்த கோயில் அது. இன்றும் அந்த நாளில் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, மெழுகுவத்தியோடு நடந்து போகிறார்கள். சுற்றுலாக் கூட்டம் குறைந்து உள்ளூர்க்காரர்கள் கூடும் நாள். 2020இல் ஒரு கொள்ளைநோய்க்குள் இருந்துகொண்டு அந்தத் திருநாளைப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

சில சின்ன விஷயங்கள். குளிர்காலத்தில் திரை வெள்ளையாகத் தெரிந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று மூடிவிடாதீர்கள், அது மூடுபனி. பத்து நிமிடம் பொறுத்தால் அதற்குள்ளிருந்து ஒரு படகு வரும். சில கேமராக்களில் ஒலியும் உண்டு, மணியோசைக்காகவே திறக்கலாம். நாள் முழுதும் ஓடவிட்டால் மொபைல் டேட்டா தாங்காது. வீட்டு வைஃபையில், படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, படம் பிடித்துப் பகிர்வது வேண்டாம். 2021 மார்ச் 22ஆம் தேதி நிஜமாகவே இரண்டு டால்பின்கள் கிராண்ட் கால்வாயின் வாய் வரை வந்தன. அன்று எங்கள் தெருவில் மின்தடை.

2023 அக்டோபரில் அலுவலக வேலையாக மிலான் போகும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். இரண்டு இரவு தங்கினேன். கேமரா பார்த்த பழக்கம் எவ்வளவு கை கொடுத்தது என்றால், பாலத்தில் கூட்டம் எப்போது குறையும், எந்த மேடையில் எந்தத் திசைப் படகு நிற்கும் என்று யாரையும் கேட்கவில்லை. ஆனால் கேமரா சொல்லாதவை நிறைய. தூரத்திலிருந்து பெரிதாக்கிக் காட்டுவதால் திரையில் எல்லாம் நெருக்கமாகத் தெரிந்திருக்கிறது. நேரில் கால்வாய் நான் நினைத்ததைவிட அகலம். நீர்ப்பேருந்து மேடையில் வந்து இடிக்கும்போது கால் வழியாக உடம்பெல்லாம் அதிரும். அப்புறம், உப்பும் பாசியும் டீசலும் கலந்த வாசனை. பழைய துறைமுகத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போன நாட்களின் வாசனையேதான்.

காலை ஏழரைக்கு ரியால்டோவின் நடுவில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். கையைத் தூக்கினேன். “காணோமே” என்றார். அரை நிமிடம் கழித்து, “ஆமா, இப்பத் தூக்குத” என்றார். நேரலை என்றாலும் அவ்வளவு தாமதம் இருக்கிறது. இப்படிச் செய்ய நினைப்பவர்கள் கையைச் சட்டென்று இறக்கிவிடாதீர்கள். அப்புறம் மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த முற்றத்துக்குப் போய்விட்டு வரச் சொன்னார். பாலத்திலிருந்து ஐந்து நிமிட நடை. அரபு நாட்டுக் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதாகப் போலோ சொன்ன காயல், எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகும் தூரத்தில் இருக்கும் பழையகாயல்தான் என்பதில் அப்பாவுக்கு எப்போதும் பெருமை.

திரும்பும் வழியில், சான் பர்த்தலோமியோ முற்றத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலுக்குள் எண் பலகை ஒன்றைப் பார்த்தேன். நகரத்தின் இன்றைய மக்கள்தொகை: 49 ஆயிரத்துச் சொச்சம். 1951இல் அது ஏறக்குறைய 1,75,000. மூன்றரை வருடம் தினமும் நாங்கள் பார்த்த பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தப் பலகை இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவே இல்லை. கேமராக்கள் பெரும்பாலும் விடுதி மாடங்களில்தான் இருக்கின்றன. விருந்தாளி பார்க்க விரும்புவதை மட்டுமே அவை காட்டும். துணி காயும் சந்தும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அதில் வராது. அதனால் இப்போதெல்லாம் கேமராவோடு உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தையும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எந்தப் பள்ளியில் பிள்ளை குறைந்தது, எந்த மீன்கடை மூடியது என்று கேட்டுக்கொள்வார்.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கட்டிலில் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். போன குளிர்காலத்தில் ஒரு நாள் நான் அடுப்படியில் இருந்தேன். வெனிஸில் காலை நேரம், ஓதம் ஏற வேண்டிய பொழுது. “ஏட்டி, இங்க வா” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். காற்று தென்கிழக்கிலிருந்து நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, மழையும் சாய்ந்து பெய்தது. பலகைப்பாலம் மட்டும் ஒரே சரிவில் இருந்தது.

“ஒரு மணி நேரமாப் பாக்கேன். பலக அசையல. கதவ அடைச்சிட்டானுவ.”

ஓத மையத்தின் பக்கத்தைத் திறந்தேன். மூன்று வாயிலும் கதவுகள் எழுந்து நின்றன.